மகளுக்கு லண்டனில் கிடைக்கிற கலியாணச் சலுகை எங்களுக்கும் உண்டா?

கேள்வி: நான் கொக்குவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவரும் அரச சேவையில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் மகளுக்கு 2023 தையில் எழுத்து (விவாகப் பதிவு), ஆனியில் தாலிகட்டு, புரட்டாதியில் லண்டனுக்குப் போய்விட்டாள். மருமகன் அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை விசாவில் இருக்கிறார், வருடம் 27,000 பவுண்ஸ் அளவில் சம்பளம். மகள் கொஞ்சக் காலம் ஒரு கடையில் பகுதிநேரமாக நின்றாள், இப்போது குழந்தையோடு வீட்டில். மேரேஜ் அலவன்ஸ் எடுத்துத் தருகிறோம், வருகிற காசில் நூற்றுக்கு நாற்பது எங்களுக்கு என்று ஒரு கொம்பனி அவளைப் பேஸ்புக்கில் பிடித்திருக்கிறது. மருமகனோ அது அரசாங்க உதவிக் காசு, எடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று பயப்படுகிறார். இது ஒன்று. மற்றது எங்கள் விஷயம். எங்கள் இருவர் பெயரிலும் 80 இலட்சம் ரூபா நிலையான வைப்பில் இருக்கிறது, வட்டியில் நூற்றுக்குப் பத்தை வங்கி கழிக்கிறது. என்னுடைய சீதன வீட்டை மாதம் 35,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். லண்டனில் போல இங்கேயும் கணவன் மனைவிக்கென்று ஏதாவது சலுகை இருக்கிறதா? இவர்தான் எல்லாக் காகிதமும் பார்க்கிறவர், எனக்கு வரிப் பதிவுக்கான ரின் நம்பர்கூட இல்லை.

பதில்: ரீச்சர், வணக்கம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். ரின் நம்பர்கூட இல்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு விஷயமும் அங்கேதான் போய் நிற்கிறது. லண்டனில் உங்கள் மகளுக்கும் சரி, கொக்குவிலில் உங்களுக்கும் சரி, மனைவியின் பெயரில் ஒரு நம்பரும் மனைவியின் கையெழுத்தும் இல்லாமல் அந்தக் காசு அசையாது. நான் ஒன்பது வருடம் லண்டனில் கணக்கு அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்து இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே இரண்டு பக்கத்துக் கணக்கும் பார்க்கிறேன். நான் பார்க்கிற வீடுகளில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டைப் போலத்தான், அவர் எல்லாம் பார்ப்பார் என்று மனைவிமார் ஒதுங்கி நிற்கிறார்கள். அதனால் போகிற காசு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் மகள். பிரித்தானியாவில் ஒரு ஆளுக்கு வருடத்தில் 12,570 பவுண்ஸ் வரை வருகிற வருமானத்துக்கு வரி இல்லை, அதைத்தான் பேர்சனல் அலவன்ஸ் என்கிறார்கள். உங்கள் மகள் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்கிற வருடத்தில் அவளுடைய 12,570 உம் பயன்படாமல் போகிறது. முழுவதையும் கணவனுக்குக் கொடுக்க முடியாது, ஆனால் அதில் 1,260 பவுண்ஸை மட்டும் அவருக்கு மாற்றிவிடலாம், இதுதான் மேரேஜ் அலவன்ஸ். அவர் 20 வீத வரி கட்டுகிறவர் என்பதால் அந்த 1,260 க்கு அவருக்கு மிச்சமாவது வருடத்துக்கு 252 பவுண்ஸ், மாதம் என்று பார்த்தால் 21. பெரிய தொகை இல்லைத்தான், ஆனால் ஒரு குழந்தைக்கு மாதாமாதம் டயப்பரும் பால்மாவும் வாங்குகிற வீட்டில் 21 பவுண்ஸ் என்ன செய்யும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு இது. கேட்டால்தான் தருவார்கள், கேட்காதவர்களுக்கு ஒரு கடிதமும் வராது.

இதை நான் மற்றவர்களுக்குச் சொல்கிற புத்தியாக மட்டும் சொல்லவில்லை. முதல் வருடம், அதாவது 2015/16 இல், இந்தச் சலுகை 212 பவுண்ஸாக இருந்தது. அப்போது நான் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன், என் கணவர் வரி கட்டினார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் தேடவில்லை, பின்னோக்கிக் கேட்பதற்கான நான்கு வருடக் கெடு தாண்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. கெடு தாண்டினால் மன்றாடியும் பயன் இல்லை, அந்தக் காசு போனது போனதுதான். அதனால் இந்தக் கேள்வி யாரிடமிருந்து வந்தாலும் நான் உடனே பதில் எழுதிவிடுவேன்.

உங்கள் மகளும் மருமகனும் தகுதியானவர்களா என்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்க ஆம். சட்டப்படி கலியாணம் முடித்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ்கிறோம் என்பது மட்டும் போதாது. கொடுக்கிறவரின் வருமானம் பொதுவாக 12,570 க்குக் கீழே இருக்க வேண்டும். வாங்குகிறவர் அடிப்படை வீதத்தில் வரி கட்டுகிறவராக, அதாவது 12,571 க்கும் 50,270 க்கும் இடையில் வருமானம் உள்ளவராக இருக்க வேண்டும். மருமகனின் 27,000 நடுவில் நிற்கிறது. உங்கள் சொந்தத்தில் யாராவது கிளாஸ்கோ பக்கம் இருந்தால் அவர்களுக்கு மேல் எல்லை 50,270 அல்ல, 43,662, ஸ்கொட்லாந்தின் வரி வீதங்கள் வேறு.

இப்போது அந்தத் திகதி விஷயம். இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். விண்ணப்பத்தில் கலியாணம் நடந்த திகதியைக் கேட்பார்கள். தாலி கட்டின நாள்தான் கலியாண நாள் என்பது எங்கள் மனதில் ஊறிப்போன ஒன்று, அல்பத்திலும் அந்த நாள்தான், வருடா வருடம் கொண்டாடுவதும் அந்த நாள்தான். ஆனால் உங்கள் மகளின் விவாகப் பதிவுச் சான்றிதழில் இருப்பது தையில் நடந்த எழுத்தின் திகதி, அந்தத் திகதியைத்தான் போட வேண்டும். விசாவுக்குக் கொடுத்த சான்றிதழிலும் அதே திகதிதான் இருக்கும், ஒரு அரசாங்கத்தின் இரண்டு இடங்களில் இரண்டு திகதி கொடுத்து வைக்கத் தேவையில்லை. பிரித்தானிய வரி வருடம் ஏப்ரல் 6 இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 இல் முடியும். மகள் 2023 புரட்டாதியில் போய் அங்கேயே தங்கிவிட்டதால் அவளுக்கு 2023/24 தான் முதல் வருடம். வருடத்தின் பாதியில் போனாலும் அந்த வருடத்தின் பேர்சனல் அலவன்ஸ் முழுதாகவே கிடைக்கும், பாதியாக வெட்டுவதில்லை. ஆகவே 2023/24, 2024/25, 2025/26 மூன்றுக்கும் சேர்த்து 756 பவுண்ஸ். கடையில் நின்ற வருடத்தில் அவளுடைய சம்பளம் எவ்வளவு என்று பி60 தாளில், அதாவது வேலை கொடுத்தவர் வருட முடிவில் தருகிற சம்பள, வரிக் கணக்குத் தாளில், ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், பகுதிநேரம் என்றால் பெரும்பாலும் எல்லைக்குள்தான் இருக்கும். பின்னோக்கி நான்கு வருடம் வரை கேட்கலாம், 2023/24 க்கான கெடு 2028 ஏப்ரல் 5. நாள் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

விசா. மருமகனின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வாசகம், பொது நிதியை எடுக்கக்கூடாது என்கிற வாசகம், தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். அதை மதித்து நடப்பதுதான் சரி. ஆனால் எது பொது நிதி என்று தெரிந்து பயப்பட வேண்டும். யூனிவேர்சல் கிரெடிற், ஹவுசிங் பெனிபிற், சைல்ட் பெனிபிற் என்கிற அரச உதவிக் காசுகள் எல்லாம் பொது நிதிப் பட்டியலில் இருக்கின்றன. மேரேஜ் அலவன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் காரணம் இல்லை, ஏனென்றால் அது அரசாங்கம் கொடுக்கிற உதவி அல்ல, மருமகன் உழைத்துக் கட்டின வரியில் கூடுதலாகக் கட்டினது திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் ரீச்சர், ஒன்றைக் கவனியுங்கள். மேரேஜ் அலவன்ஸ் எடுத்தோம், பிரச்சினை இல்லை, அப்படியென்றால் குழந்தைக்குச் சைல்ட் பெனிபிற்றும் போடலாம் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். பெயர் கேட்க ஒரே மாதிரி இருந்தாலும் அது வேறு, இது வேறு. அந்தத் தடை விசாவில் இருக்கும்வரை அதைத் தொடக்கூடாது.

அடுத்தது அந்தக் கொம்பனி. கணக்கைப் பாருங்கள். 756 பவுண்ஸில் நூற்றுக்கு நாற்பது என்றால் 302.40. அந்தக் கூலிக்கு மேல் 20 வீதம் வற் வரியும் போடுவார்கள், சிறிய எழுத்தில் எங்கேயாவது இருக்கும், சேர்த்தால் 362.88. பிள்ளைகள் கைக்கு மிஞ்சுவது 393.12. கிட்டத்தட்ட சரிபாதி போகிறது, எதற்கு? விண்ணப்பம் முற்றிலும் இலவசம், அரசாங்கத்தின் கவ் டொட் யூகே தளத்தில் ஒருவர் தேநீர் குடித்து முடிக்கிற நேரத்தில் போட்டுவிடலாம். இன்னொன்று, இந்தக் கொம்பனிகள் கையெழுத்து வாங்குகிற தாளில் வரித் திரும்பல் முதலில் தங்கள் கணக்குக்கு வரவேண்டும் என்று ஒரு அனுமதியும் இருக்கும். முன்பெல்லாம் திரும்பி வருகிற வரியையே எழுதி வாங்கிவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு தம்பதிக்கு மேரேஜ் அலவன்ஸுக்கென்று போட்ட கையெழுத்தால், பிறகு வேறு காரணத்துக்காக வந்த வரித் திரும்பலும் நேரே அந்த இடத்துக்கே போனது. அந்தப் பெண் ஒப்பந்தத் தாளைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி எனக்குக் காட்டினாள், நான்காவது பந்தியில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, அவள் கையெழுத்துப் போட்டது விரலால் போன் திரையில், அந்தப் பந்தியைக் காணாமலே. 2023 மார்ச்சில் இருந்து அப்படி எழுதி வாங்குவது செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது, ஆனால் திரும்பலைப் பெறும் ஆளாகத் தங்களை நியமிக்கச் செய்கிற வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதனால் மகள் ஏற்கெனவே பேஸ்புக்கில் பெயர், விலாசம், நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் எதையாவது நிரப்பிவிட்டாளா என்று இன்றைக்கே கேளுங்கள். நிரப்பியிருந்தால் வேண்டாம் என்று எழுத்தில் அனுப்பிவிட்டு, வரித் திணைக்களத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சொல்லிவிடட்டும்.

யார் விண்ணப்பிப்பது? மருமகன் அல்ல, மகள். கொடுக்கிறவர்தான் கேட்க வேண்டும், அதாவது வருமானம் குறைந்தவர். மருமகன் தன் பெயரில் விண்ணப்பிக்க உட்கார்ந்தால் அங்கேயே நின்றுவிடும், எத்தனையோ கணவன்மார் நான் முயற்சித்தேன் சரிவரவில்லை என்று விட்டுவிட்டது இதனால்தான். மகளுக்குத் தேவைப்படுவது இருவரின் நஷனல் இன்சூரன்ஸ் நம்பர்களும் பிறந்த திகதிகளும் கலியாணத் திகதியும். கடையில் வேலை செய்ததால் அவளிடம் நம்பர் இருக்கும். இணையத்தில் ஆளை உறுதிப்படுத்துகிற இடத்தில் பே ஸ்லிப், பி60 என்று கேட்கும், கொஞ்சக் காலமாக வேலை இல்லாத பெண்களுக்கு அந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பயப்படத் தேவையில்லை, எம்.ஏ.ரி.சி.எவ் என்று ஒரு காகிதப் படிவம் அதே தளத்தில் இருக்கிறது, அதை நிரப்பித் தபாலில் போடலாம், பழைய வருடங்களையும் அதிலேயே கேட்கலாம். நாள் எடுக்கும், ஆனால் வரும்.

பழைய வருடங்களின் காசு மருமகனுக்குத்தான் திரும்பி வரும், வரி கட்டினவர் அவர்தானே. நடப்பு வருடத்துக்குக் காசாகத் தரமாட்டார்கள், அவருடைய வரிக் குறியீட்டை மாற்றிவிடுவார்கள். இப்போது அவருடைய பே ஸ்லிப்பில் 1257 எல் என்று இருக்கும், அது 1383 எம் என்று மாறும். மகள் திரும்ப வேலைக்குப் போகும்போது அவளுடையது 1131 என் என்று வரும். அந்த எம் வந்துவிட்டதா என்று ஓரிரு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதைத்தவிர வேறு அத்தாட்சி தேடத் தேவையில்லை.

ஒருமுறை போட்டால் வருடா வருடம் தானாகவே தொடரும். அது வசதிதான், ஆனால் வாழ்க்கை மாறும்போது அது மாறாது. மகள் வேலைக்குத் திரும்பி வருடம் 12,000 பவுண்ஸ் எடுக்கிறாள் என்று வையுங்கள். 1,260 ஐக் கொடுத்துவிட்டதால் அவளுடைய வரியில்லா எல்லை 11,310 ஆகிவிடும், மேலே நிற்கிற 690 க்கு 138 பவுண்ஸ் வரி கட்டுவாள். கணவனுக்கு 252 மிச்சம், அவளுக்கு 138 செலவு, வீட்டுக்கு 114 இலாபம், பரவாயில்லை. 15,000 எடுத்தால் அவளிடம் 252 போய் அவரிடம் 252 வரும், ஒரு பிரயோசனமும் இல்லை, நிறுத்திவிடலாம். மருமகனின் சம்பளம் ஓவர்ரைம் எல்லாம் சேர்ந்து 50,270 ஐத் தாண்டினால் அந்த வருடத்துக்கு முழுச் சலுகையும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை, ஒரேயடியாகப் போய்விடும், எடுத்ததைத் திரும்பக் கட்டவேண்டியும் வரும். நிறுத்துகிறதையும் அதே தளத்தில் மகளே செய்யலாம். அப்புறம், மகள் பெயரில் இங்கே வங்கியில் ஏதாவது வைப்புப் போட்டு வைத்திருக்கிறீர்களா? எங்கள் ஊரில் பிள்ளை பெயரில் போடாத பெற்றோர் குறைவு. அப்படி இருந்தால் அந்த வட்டியையும் அவளுடைய வருமானத்தில் சேர்த்துத்தான் 12,570 ஐப் பார்க்க வேண்டும், பிரித்தானியாவில் வசிக்கிறவர்கள் பொதுவாக உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் கணக்குக் காட்ட வேண்டியவர்கள்.

சரி, இனி உங்கள் விஷயம்.

இலங்கையில் மேரேஜ் அலவன்ஸ் போல ஒன்று இல்லை. கணவன் பயன்படுத்தாத சலுகையை மனைவிக்கோ, மனைவி பயன்படுத்தாததைக் கணவனுக்கோ மாற்ற முடியாது, இருவரும் சேர்ந்து ஒரே விபரத்திரட்டு (வருடாந்த வருமானக் கணக்குப் படிவம்) கொடுக்கவும் முடியாது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு நீங்கள் ஒரு ஆள், உங்கள் கணவர் இன்னொரு ஆள். இதைக் கேட்டதும் அப்படியென்றால் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருவர் தனித்தனி என்றால் இருவருக்கும் தனித்தனித் தனிநபர் நிவாரணம், அதாவது வரியில்லா எல்லை, இருக்கிறது. 2023 தொடக்கத்தில் இருந்து அது 12 இலட்சமாக இருந்தது, 2025 ஏப்ரல் 1 இல் இருந்து 18 இலட்சம். ஒரு வீட்டில் இரண்டு பேர் பெயரில் வருமானம் இருந்தால் 36 இலட்சம் வரை வரி இல்லை என்று பொருள், ஆனால் வருமானம் யார் பெயரில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். உங்கள் இருவரின் அரச ஓய்வூதியத்துக்கும் வருமான வரி இல்லை, அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். 80 இலட்சத்துக்கு வட்டி 8 வீதம் என்று வைத்தால் வருடம் 640,000 ரூபா. கூட்டு வைப்பு, இருவரின் காசும் சமமாகப் போட்டது என்றால் ஆளுக்கு 320,000. வாடகை வருடத்துக்கு 420,000, அது முழுக்க உங்களுடையது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீடுகளில் வாடகையைப் போய் வாங்குகிறவர் கணவர், பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் கணவர், கடைசியில் வரிப் படிவத்திலும் அதைத் தன் வருமானமாக எழுதிவிடுகிறவரும் கணவர். சீதன உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறது? யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணின் சொத்து. விற்க, ஈடுவைக்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது வேறு விஷயம், சொத்தும் அதில் வருகிற வாடகையும் உங்களுடையவை. வாடகையில் நான்கில் ஒரு பங்கைத் திருத்த வேலை, தேய்மானம் என்று நிவாரணமாகக் கழிக்கவும் இடம் இருக்கிறது, பற்றுச்சீட்டு ஒன்றும் காட்டத் தேவையில்லை. அதைக் கழிக்காமலே பார்த்தாலும் உங்களுக்கு 740,000, உங்கள் கணவருக்கு 320,000. இரண்டும் 18 இலட்சத்துக்கு எங்கேயோ கீழே. நீங்கள் இருவரும் வருமான வரி கட்ட வேண்டியவர்களே அல்ல.

அப்படியிருக்க வங்கி ஏன் கழிக்கிறது? வட்டியில் முற்பண வருமான வரி என்று ஒன்று இருக்கிறது, 5 வீதமாக இருந்தது 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதமாகியது. வங்கிக்கு உங்கள் மற்ற வருமானம் தெரியாது, எல்லோரிடமும் கழித்து அரசாங்கத்துக்கு அனுப்பிவிடும். உங்கள் வட்டியில் வருடத்துக்கு 64,000 ரூபா இப்படிப் போகிறது. இதைத் தடுக்கச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று ஒரு சுய பிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியில் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். அந்தப் படிவத்தில் ரின் நம்பர் கேட்கும். இங்கேதான் உங்கள் கடிதத்தின் கடைசி வசனம் வந்து நிற்கிறது ரீச்சர். உங்கள் கணவரிடம் நம்பர் இருக்கலாம், அவர் தன் படிவத்தைக் கொடுக்கலாம், ஆனால் வைப்பு இருவர் பெயரிலும் இருக்கிறது, உங்கள் பாதிக்கு உங்கள் பிரகடனம் இல்லாமல் அவர் கொடுத்தது மட்டும் போதாது. கூட்டு வைப்பென்றால் இருவரும் ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு கையெழுத்து. ஒருமுறை கொடுத்துவிட்டு இருந்துவிடவும் கூடாது, வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குவதால் சித்திரை வருடப் பிறப்பு வேலைகளோடு வேலையாக ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுத்துவிடுங்கள்.

ரின் நம்பர் எடுப்பதற்குப் பெண்கள் தயங்குவதன் காரணம் எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு அம்மா வந்தார், உங்கள் வயதுதான் இருக்கும். வைப்புச் சான்றிதழ்களை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை இறப்பர் வளையத்தால் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கணவர் தவறி இரண்டு வருடம். நம்பர் எடுத்தால் வரி போடுவார்கள் என்று இவர் சொன்னவர், அதனால் எடுக்கவில்லை என்றார். ஒவ்வொரு சான்றிதழாக எடுத்துப் பின்பக்கம் எழுதிக் கூட்டினோம், அவருக்கு வருடம் ஐந்து இலட்சம்கூட வராது, அந்த ஐந்து இலட்சத்திலும் பத்தில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. நம்பர் எடுப்பதால் வரி வராது. வருமானம் எல்லையைத் தாண்டினால் வரி வரும், நம்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2024 இல் இருந்து 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் பதிய வேண்டும் என்று அறிவித்தும் விட்டார்கள். தேசிய அடையாள அட்டையை வைத்துக்கொண்டு திணைக்களத்தின் தளத்தில் இலவசமாகப் பதியலாம். கைவராவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவர்களின் பிராந்திய அலுவலகத்துக்கு நேரே போங்கள், தமிழிலேயே கதைத்து முடித்துவிட்டு வரலாம்.

ஏற்கெனவே கழித்ததைத் திரும்பக் கேட்க விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டும். மார்ச் 31 இல் முடிகிற ஆண்டுக்கு அதே வருடம் நவம்பர் 30 கடைசி நாள். ஆளுக்கொரு விபரத்திரட்டு, உங்கள் பங்கு 32,000 ஐ நீங்கள் கேட்க வேண்டும், அவருடைய 32,000 ஐ அவர். அதற்கு வங்கியிடம் இருந்து கழிப்புச் சான்றிதழ் வேண்டும், வட்டி எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று வருடத்துக்கு ஒன்று தருவார்கள். கேட்டால்தான் தருகிற கிளைகளும் உண்டு, ஆகவே கேளுங்கள். திரும்பல் வர நாள் எடுக்கும், அதனால்தான் இனிவரும் வட்டிக்குப் பிரகடனத்தை முதலில் கொடுத்துவிடுங்கள் என்கிறேன்.

உங்களைப் போல இல்லாமல் ஒருவருக்குக் கூடிய சம்பளமும் மற்றவருக்கு வருமானமே இல்லாமலும் இருக்கிற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. கணவனுக்கு மாதம் மூன்று இலட்சம் சம்பளம் என்று வையுங்கள், வருடம் 36 இலட்சம். 18 இலட்சம் கழிய மற்ற 18 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், மிச்சம் 3 இலட்சத்துக்கு 24 வீதம் என்று 222,000 ரூபா வரி. இதற்கு மேல் 6 இலட்சம் வட்டி அவர் பெயரிலேயே வந்தால் அந்த வட்டிக்கு மட்டும் இன்னும் 168,000 வரி. அதே வட்டி மனைவியின் சொந்தக் காசில் மனைவியின் பெயரில் வந்திருந்தால் ஒரு சதமும் இல்லை. உடனே எல்லா வைப்பையும் மனைவி பெயருக்கு மாற்றிவிடுவோம் என்று ஓட வேண்டாம். வரியைக் குறைப்பதற்கென்றே வருமானத்தைக் குடும்பத்துக்குள் பிரித்துக் காட்டினால் அதைப் பழையபடி சேர்த்துக் கணக்குப் பார்க்கிற அதிகாரம் சட்டத்தில் திணைக்களத்துக்கு இருக்கிறது. நான் சொல்வது அதுவல்ல. மனைவியின் சீதனக் காசு, மனைவியின் சேமலாப நிதி, மனைவியின் வீட்டு வாடகை, இவற்றைக் கொண்டுபோய்க் கணவன் பெயரில் வைப்புப் போடாதீர்கள். பெண்ணின் காசு பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும்.

பிரகடனத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள், பொய்ப் பிரகடனம் தண்டனைக்குரிய குற்றம். வேறு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஏதாவது வைப்பு இருந்தால் அந்த வட்டியையும் சேர்த்துக் கூட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

உங்கள் கணவருக்கு நான் ஒரு குறையும் சொல்லவில்லை ரீச்சர், இத்தனை வருடம் எல்லாக் காகிதத்தையும் ஒழுங்காக வைத்திருக்கிறவர்தானே, அவரையே உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது உங்கள் அடையாள அட்டை, சீதன உறுதியின் பிரதி, வைப்புச் சான்றிதழ் மூன்றையும் நீங்கள் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வரும்போது குழந்தையைப் பார்த்து முடிந்த பிறகு, மருமகனை அல்ல, மகளையே கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி விண்ணப்பத்தைத் திறக்கச் சொல்லுங்கள். எழுத்துத் திகதியை அவள் மறந்திருப்பாள், சான்றிதழை எடுத்து நீங்கள் வாசித்துச் சொல்லலாம்.